தன் வெப்ப ஏற்புத்திறனும் வெப்பப் பரிமாற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'சூடு' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கேட்டால் வெப்பநிலையைக் கேட்கிறோம். அடுப்பிலிருந்து சூடு வருகிறது என்றால் வெப்ப ஆற்றலைச் சொல்கிறோம். பேச்சுக்கு இது போதும். கணக்குப் போட உட்காரும்போதுதான் வம்பு. கீழே உள்ள கேள்விகளில் பலவும் இந்த ஒரு குழப்பத்திலிருந்து முளைத்தவை.

வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றுதானே?

இல்லை. ஒரு பொருளில் உள்ள துகள்கள் சராசரியாக எவ்வளவு வேகமாகத் துள்ளுகின்றன என்பதை வெப்பநிலை காட்டுகிறது. அதிக வெப்பநிலையில் இருக்கும் இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பாயும் ஆற்றல்தான் வெப்பம். முதலாவதை டிகிரியில் அளக்கிறோம், இரண்டாவதை ஜூலில்.

கத்திக்குச் சாணை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பறக்கிற பொறிகள் கையில் பட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அவை குளிர்ந்த பொறிகள் அல்ல, ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூடான இரும்புத் துணுக்குகள். ஒரு பொறியின் நிறை 0.01 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அது 1000 டிகிரி குளிர்ந்தாலும் கைக்குக் கொடுப்பது சுமார் 0.0045 ஜூல். கொதிநீர் ஒரு சொட்டு (0.05 கிராம்) தோலின் வெப்பநிலைக்கு இறங்கும்போது கொடுப்பது ஏறக்குறைய 14 ஜூல். டிகிரி எண்ணைப் பார்த்தால் பொறிதான் பத்து மடங்கு ஒசத்தி. வெப்பத்தில் சொட்டு மூவாயிரம் மடங்கு முன்னால் நிற்கிறது. சுடுவது சொட்டுதான்.

சரி, தன் வெப்ப ஏற்புத்திறன் என்றால் என்ன?

ஒரு கிலோ பொருளை ஒரு டிகிரி சூடாக்க எத்தனை ஜூல் தேவை என்பதுதான் அது. சில பாடநூல்களில் தன்வெப்பக் கொள்ளளவு என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. சூத்திரமும் அந்த வரையறையைத் திருப்பிச் சொல்வதுதான்:

வெப்பம் = நிறை × தன் வெப்ப ஏற்புத்திறன் × வெப்பநிலை மாற்றம்

தண்ணீருக்கு இது சுமார் 4200. பனிக்கட்டிக்கு 2100. அலுமினியத்துக்கு 900, இரும்புக்கு 450, செம்புக்கு 385, ஈயத்துக்கு 130-ஐ ஒட்டி. எல்லாம் ஒரு கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு, ஜூலில். மனப்பாடம் செய்வதென்றால் தண்ணீரின் எண் ஒன்று போதும். மற்றதைக் கேள்வித்தாளிலேயே கொடுத்துவிடுவார்கள்.

'தன்' என்ற சொல் இல்லாமல் வெறும் வெப்ப ஏற்புத்திறன் என்று வந்தால்?

அது அந்த முழுப் பொருளுக்கானது. இரண்டு கிலோ இரும்பின் வெப்ப ஏற்புத்திறன் டிகிரிக்கு 900 ஜூல், ஐந்து கிலோ என்றால் 2250. 'தன்' சேர்ந்தால் ஒரு கிலோவுக்கு, எவ்வளவு எடுத்தாலும் மாறாது. அலகைப் பாருங்கள்: கிலோகிராம் இருந்தால் 'தன்', இல்லையென்றால் மற்றது.

கெல்வினில் போடவேண்டுமா, செல்சியஸிலா?

எதில் போட்டாலும் சரி, ஏனென்றால் சூத்திரத்தில் இருப்பது வித்தியாசம். 20-லிருந்து 50-க்குப் போனால் செல்சியஸிலும் 30, கெல்வினிலும் 30. பழக்கதோஷத்தில் அந்த 30-உடன் 273-ஐக் கூட்டி 303 என்று எழுதுபவர்கள் உண்டு. விடை பத்து மடங்கு வீங்கிப்போகும். கதிர்வீச்சுக் கணக்கில் மட்டும் கெல்வின் கட்டாயம். அங்கே வித்தியாசம் போதாது, வெப்பநிலையே வேண்டும்.

கலோரி என்பது வேறு ஏதாவதா?

வேறல்ல, ஜூலைப் போலவே ஆற்றலுக்கான இன்னொரு அலகு. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஆற்றலைத்தான் கலோரி என்றார்கள். ஒரு கலோரி சுமார் 4.19 ஜூல். தண்ணீரின் 4200 எங்கிருந்து வந்தது என்பது இப்போது தெரிந்துவிடும். உணவுப் பொட்டலத்தில் அச்சாகும் 'கலோரி' உண்மையில் கிலோகலோரி, அதாவது ஆயிரம் மடங்கு.

1840-களில் ஜேம்ஸ் ஜூல் கீழிறங்கும் எடைக்கற்களால் தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, அந்த உழைப்பு தண்ணீரை எவ்வளவு சூடாக்குகிறது என்று அளந்தார். வெப்பம் என்பது தனியாக ஒரு பாய்பொருள் இல்லை, ஆற்றலின் ஒரு வடிவம்தான் என்று நிலைநாட்டிய சோதனைகளில் அது முக்கியமானது. கைக்குக் கிடைத்த வெப்பநிலை மாற்றம் மிகச் சிறியது. காரணம் எளிது: ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் ஆற்றலைக் கொண்டு அதே தண்ணீரை 428 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம். நூறு மீட்டர் அருவியில் விழும் தண்ணீர் தன் ஆற்றல் முழுவதையும் வெப்பமாக்கினாலும் கால் டிகிரி கூட ஏறாது.

சூடான உலோகத்தைத் தண்ணீரில் போடும் கணக்கை எப்படிப் போடுவது?

200 கிராம் செம்புக் கட்டி, 100 டிகிரியில். அதை 25 டிகிரியில் உள்ள 300 கிராம் தண்ணீரில் போடுகிறோம். கடைசியில் இரண்டும் எத்தனை டிகிரியில் நிற்கும்?

சூத்திரத்தைத் தொடுமுன் ஒரு ஊகம் செய்துபாருங்கள். பலர் இரண்டுக்கும் நடுவில், அறுபதை ஒட்டி எங்கோ என்பார்கள். இப்போது எண்கள். செம்பின் பங்கு: 0.2 × 385 = 77 ஜூல், டிகிரிக்கு. தண்ணீரின் பங்கு: 0.3 × 4200 = 1260 ஜூல், டிகிரிக்கு. தண்ணீர் பதினாறு மடங்கு பெரிய ஆள். ஆகவே விடை தண்ணீரின் பக்கத்தில்தான் இருக்கும் என்பது இங்கேயே தெரிந்துவிட்டது.

செம்பு இழந்ததும் தண்ணீர் பெற்றதும் சமம். இறுதி வெப்பநிலை = (77 × 100 + 1260 × 25) ÷ (77 + 1260). அதாவது 39200 ÷ 1337. கிடைப்பது 29.3 டிகிரி. செம்பு 70 டிகிரிக்கு மேல் இறங்கியிருக்கிறது, தண்ணீர் ஏறியதோ 4.3 டிகிரி. ஆனாலும் கைமாறிய வெப்பம் ஒன்றுதான், சுமார் 5440 ஜூல்.

என்னைக் கேட்டால், 'இழந்த வெப்பம் = பெற்ற வெப்பம்' என்று சமன்பாடு எழுதிக் குறிகளில் சிக்கிக்கொள்வதைவிட, டிகிரிக்கு எத்தனை ஜூல் என்பதை எடையாக வைத்துச் சராசரி எடுப்பது எளிது. தராசில் கனமான பக்கம் எது என்று முதலில் தெரிந்துவிடும்; விடை தப்பினால் கண்ணிலேயே உறுத்தும்.

ஆய்வகத்தில் செய்தால் புத்தக எண் வருவதே இல்லையே?

வராது. எனக்குச் செம்புக்கு 320 வந்தது, இரண்டு முறை. கொதிநீரில் தொங்கிய கட்டியைத் தூக்கி, நிதானமாகத் துடைத்து, நாலடி நடந்து கலோரிமீட்டரில் (வெப்பத்தை அளக்கத் தண்ணீர் வைத்திருக்கும் பாத்திரத்தில்) போட்டிருந்தேன். அந்தச் சில நொடிகளில் கட்டி காற்றுக்கும் துணிக்கும் வெப்பத்தைக் கொடுத்துவிட்டது. நான் மட்டும் அது இன்னும் நூறில்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்தமுறை துடைக்காமல் அவசரமாகப் போட்டேன், எண் நானூறைத் தாண்டியது. கட்டியில் ஒட்டிக்கொண்டு போன வெந்நீர்தான் காரணம். மேலே சொன்ன 200 கிராம் கட்டியில் ஒரே ஒரு கிராம் வெந்நீர் ஒட்டியிருந்தால் போதும், விடை ஐந்து சதவீதத்துக்கு மேல் எகிறும்.

இன்னொன்று, கலோரிமீட்டர் பாத்திரமும் சூடாகிறது. 100 கிராம் செம்புப் பாத்திரம் என்றால் அதற்கும் டிகிரிக்கு 38.5 ஜூல் போகிறது. அதைக் கணக்கில் சேர்க்க மறப்பதுதான் பலர் மதிப்பெண் விடும் இடம்.

தண்ணீருக்கு மட்டும் ஏன் இவ்வளவு பெரிய எண்?

இதற்கு 'ஹைட்ரஜன் பிணைப்பு' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மை.

மீதிப் பாதிக்கு உலோகங்களைப் பார்க்கவேண்டும். அலுமினியம் 900, ஈயம் 130, ஏழு மடங்கு வித்தியாசம். ஆனால் ஈய அணு அலுமினிய அணுவைவிட ஏழு மடங்குக்கு மேல் கனமானது. அதாவது ஒரு கிலோ ஈயத்தில் அணுக்களே குறைவு. கிலோவை விட்டுவிட்டு அணுக்களின் எண்ணிக்கையில் கணக்கிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்: ஒரு மோலுக்கு (டஜன் போல, குறிப்பிட்ட ஒரு பெரிய எண்ணிக்கைதான் மோல்), ஒரு டிகிரிக்கு 25 ஜூலை ஒட்டி. செம்புக்கும் இரும்புக்கும் அதேதான். 1819-இல் டூலோங், பெட்டி என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்வது அணுக்களின் அதிர்வு. ஒவ்வொரு அணுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு வாங்குகிறது. மிகக் குறைந்த வெப்பநிலையில் இந்த விதி சரிந்துவிடும். அது ஏன் என்பதற்கு 1907-இல் ஐன்ஸ்டைன் குவாண்டம் விளக்கம் கொடுத்தார்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். ஒரு மோல் என்பது வெறும் 18 கிராம், அதற்குள் மூன்று மோல் அணுக்கள். இலேசான மூலக்கூறு, ஆகவே ஒரு கிலோவுக்குள் ஏராளமான அணுக்கள். இது முதல் காரணம். இரண்டாவதாக, திரவத் தண்ணீரின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்தவும் முறிக்கவும் ஆற்றல் போகிறது. பனிக்கட்டிக்கும் நீராவிக்கும் 2000-ஐ ஒட்டியே இருக்கும்போது, அதே மூலக்கூறு திரவமாக இருக்கையில் இருமடங்காவது இதனால்தான்.

கன அளவில் பார்த்தால் தண்ணீரின் பெருமை கொஞ்சம் இறங்கும் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு டிகிரிக்கு 42 லட்சம் ஜூல், அதே அளவு இரும்புக்கு 35 லட்சம். காற்றுக்கோ வெறும் 1200.

கொதிக்கும்போது தீ எரிந்துகொண்டே இருக்கிறது, வெப்பநிலை ஏன் நூறிலேயே நிற்கிறது?

வெப்பம் முழுவதும் திரவத்தை ஆவியாக்குவதில் செலவாகிறது. துகள்களின் வேகம் ஏறுவதில்லை, அவற்றைப் பிரித்து எடுப்பதுதான் நடக்கிறது. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். மறைவெப்பம் என்றும் சொல்வார்கள். 1760-களில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் இதைத் தெளிவாக அளந்து காட்டினார். தன் வெப்ப ஏற்புத்திறன் என்ற கருத்துக்கும் அவர்தான் அடித்தளம் போட்டார்.

தண்ணீருக்கு ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 2260 ஜூல், உருகுதலுக்கு 334 ஜூல். 1500 வாட் மின்கெண்டியில் ஒரு லிட்டர் தண்ணீர் வையுங்கள். 25-லிருந்து 100-க்குப் போக 3 லட்சத்து 15 ஆயிரம் ஜூல், வெப்ப இழப்பை விட்டுவிட்டால் மூன்றரை நிமிடம். அதை முழுக்க ஆவியாக்க மேலும் 25 நிமிடம். வெப்பமானி அந்த 25 நிமிடமும் அசையாது.

அப்புறம் இன்னொரு கேள்வி வரும்: நூறு டிகிரி நீராவி, நூறு டிகிரி தண்ணீர், எது மோசமாகச் சுடும்? நீராவி. ஒரு கிராம் கொதிநீர் தோலின் வெப்பநிலைக்கு இறங்கும்போது சுமார் 270 ஜூல் கொடுக்கும். ஒரு கிராம் நீராவி அதையும் கொடுத்து, தோலில் படிந்து நீராகும்போது கூடுதலாக 2260-ஐயும் கொட்டிவிடும். ஒன்பது மடங்கு.

ஒரே அறையில் இருக்கும் இரும்புக் கைப்பிடி சில்லென்று இருக்கிறது, மரக் கதவு அப்படி இல்லையே?

வெப்பமானி வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே வெப்பநிலைதான். கை ஒரு மோசமான வெப்பமானி. அது உணர்வது தோலிலிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதை.

மரத்தைத் தொட்டதும் விரலுக்கு அடியில் உள்ள மெல்லிய படலம் சூடாகிவிடுகிறது, வெப்பம் உள்ளே நகராமல் அங்கேயே தேங்குகிறது. சற்று நேரத்தில் விரல் தொடுவது தன்னுடைய சூட்டையே. இரும்பில் அப்படித் தேங்காது. கொடுக்கக் கொடுக்க உள்ளே இழுத்துக்கொண்டு போகும். வெப்பம் கடத்தும் திறனில் செம்பு 400 வாட் என்றால் (ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு), துருப்பிடிக்காத எஃகு 15, தண்ணீர் 0.6, மரம் 0.1 முதல் 0.2 வரை, அசையாத காற்று 0.026. இரண்டையும் 60 டிகிரிக்குச் சூடாக்கித் தொட்டால் கதை தலைகீழ்: உலோகம் சுடும், மரம் தாங்கும். இரண்டும் தோலின் வெப்பநிலையிலேயே இருந்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

குறைந்த தன் வெப்ப ஏற்புத்திறன் இருந்தால் நல்ல கடத்தி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. முதலாவது எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பது, இரண்டாவது எவ்வளவு வேகமாக நகரும் என்பது. அலுமினியத்தின் தன் வெப்ப ஏற்புத்திறன் எஃகைவிட இருமடங்கு, ஆனாலும் கடத்துவதில் எஃகை வெகுவாக மிஞ்சும். காற்றுக்கு 1005, அலுமினியத்தைவிடச் சற்றே அதிகம், ஆனால் கடத்துவதில் காற்று படுசோம்பேறி.

கடத்தல், சலனம், கதிர்வீச்சு மூன்றும் தனித்தனியாக நடக்குமா?

பாடநூல் படத்தில்தான் தனித்தனியாக இருக்கும். கெண்டியின் அடித்தகட்டின் வழியாக வெப்பம் வருவது கடத்தல். அடியில் சூடான தண்ணீர் இலேசாகி மேலே போக, மேலிருந்து குளிர்ந்தது இறங்குவது சலனம். கெண்டியின் வெளிப்புறம் அறைக்கு ஆற்றலை வீசுவது கதிர்வீச்சு. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும்.

கதிர்வீச்சை மட்டும் நாம் குறைத்து மதிப்பிடுகிறோம், கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால். 33 டிகிரித் தோலின் ஒவ்வொரு சதுர மீட்டரும் கிட்டத்தட்ட 500 வாட் வீசிக்கொண்டிருக்கிறது! நாம் உறைந்துபோகாததற்குக் காரணம், 25 டிகிரிச் சுவர்கள் 450 வாட் அளவுக்குத் திருப்பி வீசுவதுதான். நிகர இழப்பு 50 வாட். இந்த எண்கள் வருவது ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மான் விதியிலிருந்து: கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதம். கெல்வின் இருமடங்கானால் வீச்சு பதினாறு மடங்காகும்.

மூன்றையும் ஒருசேரத் தடுக்க முனைந்ததில் வெற்றிபெற்றது வெற்றிடக் குடுவை. 1892-இல் ஜேம்ஸ் டூவர் திரவமாக்கிய வாயுக்களைச் சேமிக்க அதை உருவாக்கினார். இரட்டைச் சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால் அங்கே கடத்தலும் சலனமும் இல்லை, வெள்ளிப்பூச்சு கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புகிறது. மிஞ்சிய ஓட்டை மூடிதான்.

கம்பளி சூடு கொடுக்குமா?

கொடுக்காது. பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றி வைத்துப் பாருங்கள், வெளியே வைத்ததைவிட மெதுவாக உருகும். இழைகளுக்கு நடுவே சிறைப்பட்ட காற்று இரு பக்கமும் வழி மறிக்கிறது, அவ்வளவுதான்.

பகலில் கடலிலிருந்து காற்று வருவதற்குத் தண்ணீரின் தன் வெப்ப ஏற்புத்திறன்தான் காரணமா?

முக்கியக் காரணம், ஆனால் ஒரே காரணம் அல்ல. நிலத்தில் வெயில் மேல்தோலோடு நின்றுவிடுகிறது, மண் சுமாரான கடத்தி. கடலிலோ ஒளி பல மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது, அலைகள் வேறு கலக்கிவிடுகின்றன. அதே வெயிலைப் பல மடங்கு தண்ணீர் பங்கு போட்டுக்கொள்கிறது. போதாததற்கு ஆவியாதலும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நிலம் முந்திச் சூடாகிறது, அதன்மேல் காற்று எழும்புகிறது, கடற்பக்கக் காற்று அந்த இடத்துக்கு வருகிறது. இரவில் நிலம் முந்திக் குளிர்வதால் திசை மாறும்.

தண்ணீரில் பனிக்கட்டி போட்ட கணக்கில் விடை மைனஸில் வருகிறது, எங்கே தப்பு?

சூத்திரத்தில் தப்பில்லை, கேட்ட கேள்வியில்தான் தப்பு. 30 டிகிரியில் 200 கிராம் தண்ணீர், அதில் 0 டிகிரியில் 100 கிராம் பனிக்கட்டி. நேராகப் போட்டால் மைனஸ் 6.5 டிகிரியில் திரவத் தண்ணீர் என்று வரும். பனிக்கட்டி முழுவதும் உருகிவிடும் என்று நாமே முடிவுகட்டிவிட்டதால் வந்த வினை அது.

முதலில் கையிருப்பைப் பாருங்கள். தண்ணீர் 0 வரை இறங்கினால் கொடுக்கக்கூடியது 0.2 × 4200 × 30, அதாவது 25,200 ஜூல். பனிக்கட்டி முழுதும் உருகக் கேட்பது 33,400 ஜூல். கையிருப்பு போதாது. உள்ளதைக் கொண்டு உருகுவது 25,200 ÷ 334, சுமார் 75 கிராம். ஆக, 275 கிராம் தண்ணீர், அதன்மேல் மிதக்கும் 25 கிராம் பனிக்கட்டி, இரண்டும் 0 டிகிரியில்.